இருளாயி வீட்டுத் துவைகல்

நான் பயந்தாங்கொள்ளி. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அப்புறம் பாதியில் யாரும் வந்து, "அந்த இடத்தில் நீர் ஏன் ஐயா வாயைத் திறக்கவில்லை?" என்று என்னோடு மல்லுக்கு நிற்கக்கூடாது. ஒத்தக்கடையில் பஸ்ஸை விட்டு இறங்கி உள்ளே மூன்று மைல் நடந்தால் வெள்ளைப்பாறைப்பட்டி. அங்கே காலனித் தெரு வேதக்கோயிலுக்கு இருபத்தெட்டு வருடம் உபதேசியாராக இருந்தேன். சபைக் குருவான ஐயர் தல்லாகுளத்திலிருந்து மாதம் ஒரு ஞாயிறு வந்து திருவிருந்து கொடுத்துவிட்டு, மத்தியான பஸ்ஸுக்கு ஓடிவிடுவார். மற்ற நாளெல்லாம் மணி அடிக்க, ஜெபம் பண்ண, பதிவேடு எழுத, தெருச்சண்டை விலக்க எல்லாவற்றுக்கும் இந்த வேதமுத்துதான்.

பதிவேடு என்றேன் அல்லவா, அதில்தான் வில்லங்கமே. எங்கள் சபையில் நாற்பது வீடு. நாற்பது வீட்டாருக்கும் ஆளுக்கு இரண்டு பெயர். ஞானஸ்நானப் பதிவேட்டில் ஒன்று, ரேஷன் கார்டிலும் பள்ளிக்கூடத்திலும் இன்னொன்று. யாரும் ஆசைக்கு வைத்துக்கொண்டதல்ல. இந்து என்று எழுதினால் பிள்ளைக்கு எஸ்.சி. சர்டிபிகேட் கிடைக்கும், அதை வைத்து ஹாஸ்டல், படிப்பு, நாளைக்கு ஒரு வேலை. கிறிஸ்தவன் என்று எழுதினால் அத்தனையும் போச்சு. சட்டம் அப்படி. ஞானஸ்நானத் தண்ணீர் தலையில் பட்டதும் சாதி கழுவிக்கொண்டு போய்விடும் என்று சர்க்கார் நம்பியது. அம்புட்டு விசுவாசம் உபதேசியாரான எனக்கே இருந்ததில்லை.

இருளாயி வீடும் அந்த நாற்பதில் ஒன்று. ஊருக்கு அவள் இருளாயி, என் பதிவேட்டில் ராகேல். புருசன் காளை, பதிவேட்டில் யாக்கோபு. மகள் அன்னக்கொடி, பதிவேட்டில் மார்த்தாள். நான் ராகேல் என்று கூப்பிட்டால் அவள் திரும்பியே பார்க்க மாட்டாள். "யாரயோ கூப்புடுறீகன்னு நெனச்சேன்" என்பாள். நடவு நடுகிறவள். அவள் நட்ட வரிசையில் நூல் பிடித்துப் பார்க்கலாம், அவ்வளவு நேர். பேச்சும் அப்படித்தான், வளைவே கிடையாது. கோயிலில் என் பிரசங்கம் நீண்டுபோனால் முதல் வரிசையில் உட்கார்ந்தே கொட்டாவி விடுவாள்.

பிரசங்கம் கேட்டு உருகி வேதத்துக்கு வந்தவள் இல்லை அவள். நான் வேலைக்கு வந்த முதல் வருடம், அவளுடைய மூத்த பையன், இரண்டு வயசு, சித்திரை வெயிலில் வயிற்றுப்போக்கில் போய்விட்டான். அந்தக் காலத்தில் காலனிச் சனங்கள் புதைக்கும் இடம் வாய்க்காலுக்கு அப்பால் இருந்தது. போகிற பாதையில் ஊர்க்காரர் ஒருவர் பருத்தி போட்டுவிட்டார். பிணம் தாண்டினால் வெள்ளாமைக்கு ஆகாது என்று மறித்துவிட்டார். பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு காளையும் இருளாயியும் வரப்பில் அரை நாள் நின்றார்கள். அப்போதிருந்த கிழட்டு ஐயர் அதைப் பார்த்தார். பெயர் கேட்கவில்லை, வேதம் கேட்கவில்லை. "கோயில் கல்லறையில எடம் இருக்கு, வாங்கய்யா" என்று மண்வெட்டியை எடுத்துக்கொண்டு முன்னால் நடந்தார். ஊர்க்காரன் அடிக்க வருவானோ என்று நான் பின்னால் நடுங்கிக்கொண்டு போனேன்.

அடுத்த வருடம் இரண்டு பேரும் ஞானஸ்நானத்துக்கு வந்து நின்றார்கள். எதற்காக வருகிறாய் என்று ஐயர் முறைப்படி கேட்டார்.

"எம் புள்ள படுக்க எடம் குடுத்த சாமி," என்றாள் இருளாயி. "அதுக்கு மேல வெசாரிக்க என்ன இருக்கு?"

காளை, ஒத்தக்கடைப் பக்கம் கல்கிடங்கில் கல் உடைக்கிறவர். பத்து வருடத்தில் தூசி நெஞ்சில் ஏறிவிட்டது. இருமினால் தெருக்கோடி வரை கேட்கும். அவர் எழுபத்தியேழில் ஒரு வேலை செய்தார். கிடங்கிலிருந்து ஒரு நல்ல பலகைக்கல்லை மாட்டுவண்டியில் ஏற்றிவந்து கோயிலுக்குப் பின்னால் இறக்கினார். "உபதேசியாரே, எம் பேர கரித்துண்டால எழுதிக் குடுங்க, நான் கொத்திக்கிறேன்" என்றார். எதற்கு என்றேன். கல்லறைக்கு என்றார். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது.

மேலே ஒரு சிலுவை, கீழே யாக்கோபு என்று எழுதினேன். அவருக்கு ஓர் எழுத்து தெரியாது. கோ எழுதும்போது இதற்கு இரட்டைக்கொம்பு என்றேன். "அப்ப சரி, காளைக்குக் கொம்பு வந்துருச்சு" என்று சிரித்தார், சிரித்து இருமினார். இரண்டு சாயங்காலம் உளி பிடித்துக் கொத்தினார். முடித்ததும் கண்ணை மூடிக்கொண்டு பள்ளத்தில் விரலை விட்டு முதல் எழுத்திலிருந்து கடைசி வரை தடவினார். "படிச்சிட்டேன்யா!" என்றார். அவர் ஆயுசில் படித்த ஒரே வார்த்தை அதுதான், அதுவும் விரலால்.

"நான் போனா எம் மகன் பக்கத்துல என்னையப் போட்டு இத மேல வைக்கணும். மணிய நல்லா அடிங்க. ஊர்த்தெரு வரைக்கும் கேக்கணும். எம் புள்ளயத் தூக்கிக்கிட்டு நின்னப்ப ஒரு பயலுக்கும் காது கேக்கல." வேறு ஒன்றும் கேட்கவில்லை அந்த மனுசன்.

இருளாயிக்குச் சேதி போய், நடவுச் சேறு காலோடு வந்து நின்றாள். "கட்டுனவ குத்துக்கல்லாட்டம் உசுரோட இருக்கேன், இந்த மனுசன் சாவுக்குக் கல்லு கொத்துறானே! வெளங்குமா இது? உபதேசியாரே, நீங்களும் கூடச் சேந்து எழுதிக் குடுத்தீகளாக்கும்? ஒங்களுக்கு வேற வேலயே இல்லையா?" கத்தினாள், அழுதாள். பிறகு நாலு ஆளைக் கூட்டிவந்து கல்லைத் தூக்கிக்கொண்டு போய், தன் வீட்டு வாசல் ஓரம் இரண்டு முண்டுக்கல் மேல், எழுத்து கீழே போகும்படி கவிழ்த்துப் போட்டாள். மறுநாள் காலையில் காளையின் வேட்டியையே அதில் அடித்துத் துவைத்தாள். "இவரு இருக்கறவரைக்கும் இது தொவகல்லு. அப்பறம் கல்லறைக்கல்லு."

காளை சண்டை போடவில்லை. சாயங்காலம் கல் பக்கத்தில் குத்தவைத்து உட்கார்ந்து, கையை அடியில் விட்டு எழுத்தைத் தடவிக்கொண்டிருப்பார். தெருவில் போகிறவர்கள் இந்த ஆள் தேளைத் தேடுகிறார் என்று நினைத்தார்கள்.

எண்பத்திரண்டு கார்த்திகையில் அன்னக்கொடிக்கு வாத்தியாரம்மா வேலைக்குப் பெயர் வந்தது. எங்கள் தெருவில் முதல் சர்க்கார் வேலை. சர்டிபிகேட்டைச் சரிபார்த்த பிறகு ஆர்டர் வரும் என்றார்கள். தெருவே சக்கரைப்பொங்கல் வைத்தது. நாலாம் நாள் தலையாரி சின்னான் என்னைக் கோயில் பக்கம் தனியாகக் கூப்பிட்டான்.

"அண்ணே, தாலுகா ஆபீசுக்கு மொட்டப் பெட்டிசன் போயிருக்கு. இவுக வேதக்காரக, சர்டிபிகேட்டு பொய்யின்னு எழுதியிருக்கு. அடுத்த வாரம் ரெவின்யூ ஆர்.ஐ. விசாரணைக்கு வாராரு. கோயில் பதிவேட்டையும் கேப்பாருன்னு பேசிக்கிறாக."

மாட்டிக்கொண்டால் அன்னக்கொடி வேலை மட்டுமா போகும்? நாற்பது வீட்டுப் பிள்ளைகளின் படிப்பும் அந்த ஒரு புத்தகத்தில் இருந்தது. பதிவேட்டைப் பெட்டியில் பூட்டினேன். பெட்டியைத்தானே முதலில் திறப்பார்கள் என்று பீடத்துக்கு அடியில் வைத்தேன். அங்கே எலி கடிக்கும் என்று கடைசியில் அரிசிப் பானைக்குள் புதைத்தேன். "அரிசி அள்ளப் போனா ஊருச் சனம் அம்புட்டும் கையில தட்டுப்படுது. எங்கிட்டாவது ஒரு எடத்துல வச்சுத் தொலைங்க" என்று என் மனைவி திட்டினாள். யார் சைக்கிள் மணி கேட்டாலும் ஓடிப்போய்ப் பானை வாயை மூடுவேன்.

இந்த நிலையில்தான் அந்தச் சனிக்கிழமை விடியற்காலம் காளை இருமி இருமி அடங்கிப்போனார். ஆர்.ஐ. வர இன்னும் ஐந்து நாள்.

சேதி வந்ததும் பழக்கத்தில் நான் மணிக்கயிற்றைப் பிடித்துவிட்டேன். இழுக்கும் முன்னால் ஒரு கை வந்து என் மணிக்கட்டைப் பிடித்தது. இருளாயி. தலைமுடி அவிழ்ந்து கிடந்தது, ஓடிவந்திருக்கிறாள்.

"அடிக்காதீங்க உபதேசியாரய்யா."

"ஏம்மா, அவர் கேட்டது அது ஒண்ணுதானே?"

"தெரியும். எனக்குத் தெரியாதா? அடிச்சா வேதக்காரன் செத்தான்னு ஊரு பூராம் சாட்சியாயிரும். இந்த அஞ்சு நாள்தான் எம் மகளோட ஆயுசு. மணி வேணாம், கோயில் கல்லறை வேணாம், செலுவ வேணாம்." சொல்லிவிட்டுக் கயிற்றிலேயே நெற்றியை முட்டிக்கொண்டு நின்றாள்.

வீட்டில் அன்னக்கொடி தகப்பன் காலைக் கட்டிக்கொண்டு கிடந்தாள். "எனக்கு வேல வேணாம்மா. அப்பாவுக்கு மணி அடிங்க. தம்பி பக்கத்துல போடுங்க" என்று கத்தினாள். செத்துப்போன அண்ணனை அவள் தம்பி என்றுதான் சொல்வாள்; அவளுக்குத் தெரிந்தவரை அவன் இரண்டு வயசோடு நின்றுவிட்டவன்.

"வாய மூடு," என்றாள் இருளாயி. "கல்லு ஒடச்சு நெஞ்சு வெந்து ஒங்கப்பன் செத்தது, நீ எங்கூட வந்து நாத்து நடவா? எந்திரி, தண்ணி எடுத்தா."

சபை மூப்பர் காசிமாயனுக்குப் பொறுக்கவில்லை. "இது ஆண்டவர மறுதலிக்கிறதில்லையா? செத்த மனுசனுக்குத் துரோகம் இல்லையா?" என்று கேட்டார்.

"ஆமா, துரோகந்தான்," என்றாள் அவள். "ஆண்டவருக்கு நான் பதில் சொல்லிக்கிறேன். ஆர்.ஐ.க்கு நீங்க பதில் சொல்வீகளா மாமா?" காசிமாயன் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு பாடையைத் தூக்கினார்.

காலனிக்குச் சர்க்கார் பிற்பாடு ஒதுக்கிய இடுகாட்டு இடம் எங்கள் கல்லறையை ஒட்டியே இருந்தது. நடுவில் ஒரு கற்றாழை வேலி. அந்த வேலி ஓரத்தில், மகனுக்கு நேர் எதிரே குழி வெட்டச் சொன்னாள். அந்தப் பக்கம் மகன், இந்தப் பக்கம் அப்பன். ஜெபத்துக்கு மட்டும் என்னை வீட்டுக்குள்ளேயே கூப்பிட்டாள். "சத்தமா வேணாம். காதுக்குள்ள சொல்லிட்டுப் போங்க. அவருக்குக் கேட்டாப் போதும்." முப்பது அடக்கத்துக்கு மேல் நடத்தியவன் நான். செத்தவர் காதில் வாயை வைத்து ரகசியமாக ஜெபம் சொன்னது அன்றைக்குத்தான். பாதியில் அழுதுவிட்டேன்.

வியாழக்கிழமை ஆர்.ஐ. வந்தார். விடிந்ததிலிருந்து தூறல். நாற்பது வயசிருக்கும், கண்ணாடி, கைக்குடை, சைக்கிளைச் சேற்றில் தள்ளிக்கொண்டு சின்னானோடு வந்து சேர்ந்தார். வாசலில் கட்டிலைப் போட்டோம். முதல் நாளே இருளாயி வீட்டிலிருந்த படம், பாட்டுப் புத்தகம், காலண்டர் எல்லாவற்றையும் மூட்டை கட்டி என் வீட்டுக்கு அனுப்பியிருந்தாள். சுவரில் ஆணி அடித்த ஓட்டையில் சுண்ணாம்பு அடைத்திருந்தாள். அவளைப் பார்த்தால் ஐந்து நாளுக்கு முன் புருசனைப் புதைத்தவள் மாதிரியே இல்லை. அவ்வளவு கணக்காக இருந்தாள்.

பெயர் கேட்டார், சொன்னாள். புருசனை எங்கே புதைத்தது என்றார், காட்டினாள். வேலிக்கு இந்தப் பக்கத்து மண்மேட்டைத் தூரத்திலிருந்து பார்த்து எழுதிக்கொண்டார். பிறகு என்னைப் பார்த்தார்.

"நீங்கதானே உபதேசியார்? இருளாயின்னு உங்க பதிவேட்டில யாரும் இருக்காங்களா?"

"இருளாயின்னு யாரும் இல்லைங்க," என்றேன்.

எழுத்துக்கு எழுத்து நிசம். ஆனாலும் சொன்னதும் நாக்கு கசந்தது. ஆண்டவரை மறுதலித்த சீஷனுக்குக் கூவியது மாதிரி, நல்லவேளை, பக்கத்தில் எந்தச் சேவலும் கூவவில்லை. கூவியிருந்தால் அங்கேயே விழுந்திருப்பேன். அவர் பதிவேட்டை எடுத்துவா என்று சொல்லவில்லை. பேனாவை மூடினார், காகிதத்தைப் பையில் வைத்துச் சைக்கிளில் மாட்டினார். இருளாயி முந்தானையால் முகத்தைத் துடைத்தாள்.

சைக்கிளைத் திருப்பும்போது சக்கரத்தில் சேறு அடைத்துக்கொண்டது. அதை நோண்டி எடுத்ததில் அவர் கையெல்லாம், காலெல்லாம் சேறு. வாசல் ஓரம் தொட்டியும் துவைகல்லும் கண்ணில் பட்டன. "கொஞ்சம் கால் கழுவிக்கிறேன்மா" என்று போய், செருப்பைக் கழற்றி, வலது காலைத் தூக்கிக் கல் மேல் வைக்கப் போனார்.

"அதுல கால் வைக்காதீங்க!"

இருளாயிதான். வீட்டைச் சுண்ணாம்பு வரை சரிபண்ணியவள், துக்கத்தைக் காட்டாமல் ஐந்து நாள் பல்லைக் கடித்தவள், ஐந்து வருடமாக அந்தக் கல்லின் மேல் தானே துணி துவைத்தவள். ஆனால் இன்னொருவன் கால் அதன் மேல் ஏறப் போனதும் அவளால் பொறுக்க முடியவில்லை. அது இப்போது துவைகல் இல்லை. அவள் கத்திய கத்தலில் ஆர்.ஐ. தடுமாறினார். ஈர மண் வழுக்கியது. விழாமல் இருக்கக் கல்லின் விளிம்பைப் பிடித்தார். விரல்கள் அடியில் போய்விட்டன.

"வழுக்கும் சார்... பாசி... அதான் அம்மா..." என்று அன்னக்கொடி குளறினாள்.

அவர் கையை எடுக்கவில்லை. குனிந்தபடியே நின்றார். அவர் விரல் கல்லுக்கு அடியில் மெதுவாக நகர்வதை நான் பார்த்தேன். மேலே போயிற்று, குறுக்கே போயிற்று. என் மனசுக்குள் அரிசிப் பானை உடைந்து நாற்பது வீட்டுப் பேரும் தெருவில் கொட்டியது. ஆண்டவரே, ஆண்டவரே என்பதைத் தவிர ஒரு ஜெபமும் வாயில் வரவில்லை.

நிமிர்ந்தார். கால் கழுவாமலே சைக்கிளுக்குப் போய்ப் பையைத் திறந்து காகிதத்தை வெளியே எடுத்தார்.

"அம்மா, நேராக் கேக்குறேன். நீங்க வேதக்காரங்களா?"

அன்னக்கொடி அம்மாவின் கையைப் பிடித்தாள். இருளாயி அந்தக் கையை விலக்கிவிட்டு முன்னால் வந்தாள்.

"சார், இல்லைன்னு எம் வாயால சொல்ல மாட்டேன். எம் புள்ள படுக்க எடம் குடுத்த சாமிய நான் இல்லைன்னு சொன்னா எம் நாக்கு அழுகிரும். ஆனா ஒன்னு கேக்குறேன், நீங்க பதில் சொல்லுங்க. முக்குல டீக்கடை இருக்கு. கோயிலுக்குப் போறதுக்கு முன்னாடி எம் புருசனுக்கு அங்க செரட்டையில டீ ஊத்துனாக. கோயிலுக்குப் போன பெறகு அலுமினிய டம்ளர்ல ஊத்துனாக. குடிச்சிட்டு அவரே கழுவி, வெளிய ஆணியில மாட்டிட்டு வரணும். அந்த டம்ளரு இன்னிக்கும் தொங்குது. இந்த ஆளு எந்தச் சாமியக் கும்புட்டாருன்னு இத்தன வருசமா அந்த டம்ளருக்குத் தெரியல. ஒங்க காயிதத்துக்கு மட்டும் எப்பிடிய்யா தெரிஞ்சுச்சு?"

சொல்லி முடித்ததும் அப்படியே துவைகல் பக்கத்தில் உட்கார்ந்துவிட்டாள். ஐந்து நாள் அழாத அழுகையை அப்போது அழுதாள். "என்னங்க, கெடுத்துட்டேனே! எல்லாத்தையும் நானே கெடுத்துட்டேனே!" என்று கல்லைக் கட்டிக்கொண்டு புருசனிடம் சொல்லி அழுதாள்.

ஆர்.ஐ. காகிதத்தை மடித்தார். "டீக்கடை எந்தப் பக்கம்?" என்று சின்னானைக் கேட்டார். சைக்கிளைத் தள்ளிக்கொண்டு போய்விட்டார்.

கடையில் நடந்ததைச் சின்னான் பிறகு வந்து சொன்னான். பெஞ்சில் உட்கார்ந்து ஆணியையே பார்த்துக்கொண்டிருந்தாராம். மூன்று டம்ளர் தொங்கியதாம். எனக்கு அதில் டீ கொடு என்றாராம். கடைக்காரர் பதறி, "ஐயையோ, அது காலனி ஆளுகளுக்குங்க" என்றாராம். "அதுல யாரும் கோயிலுக்குப் போறவங்க உண்டா?" "எல்லாருந்தாங்க போறாக. அதுக்கு என்ன செய்ய?" பிறகு டீயே குடிக்காமல், நின்றபடியே இரண்டு வரி எழுதினாராம். என்ன எழுதினார் என்று சின்னான் எட்டிப் பார்ப்பதற்குள் மடித்துவிட்டார்.

என்ன எழுதியிருப்பார்? ஐம்பது நாள் அந்த ஒரு கேள்வியைத்தான் தின்றோம். பாதிச் சாதத்தில் தபால்காரர் மணி கேட்டால் கையை உதறிவிட்டு ஓடுவேன். கிறிஸ்துமஸ் வந்தது, இருளாயி கோயிலுக்கு வரவில்லை. வேலி ஓரம் நின்று பாட்டைக் கேட்டுவிட்டுப் போனாள் என்று என் மனைவி சொன்னாள். அன்னக்கொடி அம்மாவோடு நடவுக்குப் போனாள். துவைகல் வாசலில் கவிழ்ந்தே கிடந்தது. அதில் யாரும் துவைக்கவில்லை. துணியை வாய்க்காலுக்குக் கொண்டுபோனார்கள். ஆர்.ஐ. நல்லவராக இருக்கலாம் என்று பகலில் தோன்றும். நல்லவர்கள்தான் சட்டப்படி எழுதுவார்கள் என்று உடனே இன்னொரு எண்ணம் வந்து முதுகைச் சொடுக்கும்.

பொங்கல் கழிந்து ஒரு புதன்கிழமை ஆர்டர் வந்தது. மேலூருக்கு அந்தப் பக்கம் ஓர் ஊராட்சிப் பள்ளி. அன்னக்கொடி என்னிடம் கொண்டுவந்து படிக்கக் கொடுத்தாள். இரண்டு தடவை படித்தேன். கடைசியில் ஒரு வரி இருந்தது: சான்றிதழ் உண்மையல்ல என்று பின்னர் எப்போது தெரியவந்தாலும் பணி நீக்கம். எப்போது தெரியவந்தாலும். அதைச் சத்தமாகப் படிக்காமல் விட்டேன். அவள் ஏற்கெனவே படித்திருந்தாள்.

அவள் போனதும் எனக்கு என்ன பிடித்ததோ தெரியவில்லை. நேரே போய் மணிக்கயிற்றைப் பிடித்து இழுத்தேன். ஒரு பாட்டு முழுக்கப் பாடும் நேரம் அடித்தேன். கை காந்தியது. ஊர்த்தெருவிலிருந்து ஓர் ஆள் வேகமாக வந்து, "என்ன உபதேசியாரே, யாரு செத்தது?" என்றான்.

"யாருமில்லப்பா," என்றேன். "கயிறு புதுசு. தாங்குமான்னு இழுத்துப் பாத்தேன்."

மறுநாள் காலையில் இருளாயி என் வாசலில் நின்றாள். "கயிறு நல்லாத் தாங்குச்சு போலயே" என்றாள். கண்ணில் தண்ணீர் நின்றது. பிறகு, "நாலு ஆளு வேணும் உபதேசியாரய்யா, கல்லத் தூக்க" என்றாள்.

"வேணாம்மா. இப்பத்தான் ஆர்டர் வந்திருக்கு. யாராவது பார்த்து இன்னொரு பெட்டிசன் போட்டால்? பிள்ளை ரிட்டயராகிற வரைக்கும் இந்தக் கத்தி தலைக்கு மேலதான். கல் இருக்கிற இடத்திலேயே இருக்கட்டும்" என்று கெஞ்சினேன். அவள் கேட்டால்தானே! காசிமாயனும் இன்னும் மூன்று பேரும் வந்தார்கள். கல்லை மூங்கிலில் கட்டி, வாய்க்கால் கரை வழியாக, வேலி ஓரத்து மண்மேட்டுக்குக் கொண்டுபோனார்கள். நான் தெருவைத் திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டே பின்னால் போனேன்.

மேட்டின் மேல் வைக்கும்போது காசிமாயன் கல்லைத் திருப்பச் சொன்னார். ஐந்து வருட மண்ணும் சவுக்காரமும் ஒட்டிய அடிப்பக்கத்தில் சிலுவையும் எழுத்தும் ஒரு கணம் வெயிலில் தெரிந்தன. இருளாயி தொட்டுப் பார்த்தாள்.

"திருப்பாதீங்க மாமா," என்றாள். "அப்பிடியே கவுத்துப் போடுங்க."

கவிழ்த்துப் போட்டார்கள். மேலே வெறுங்கல். யார் வந்து பார்த்தாலும், எந்தப் பெட்டிசன் போட்டாலும், அதில் எழுத ஒன்றும் இல்லை. எனக்கு நெஞ்சு லேசானது. ஆனால் என் வாய் சும்மா இருக்காதே. "எழுத்தெல்லாம் கீழே போயிருச்சேம்மா," என்றேன். "பேர் அவர் கண்ணுக்கு மட்டுந்தானே தெரியும்? அவருக்கோ படிக்கத் தெரியாது."

இருளாயி கல்லைச் சுற்றி மண்ணை அணைத்துக்கொண்டே சொன்னாள்.

"படிக்கத் தெரியாதுதான். தடவிப் பாத்துக்கிருவாரு."